ஆண்டிப்பாறையில் ஒரு கையெழுத்து

நீங்கள் இப்போது போட்டிருக்கும் பனியனைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். வெட்கப்படவேண்டாம், வீட்டில்தானே இருக்கிறீர்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள் இருக்கும். அதில் கம்பெனி பெயர் இருக்கும். அளவு இருக்கும். நூறு சதவிகிதம் பருத்தி என்று இருக்கும். எப்படித் துவைக்கவேண்டும், இஸ்திரி போடலாமா கூடாதா என்று சின்னச் சின்னப் படம்கூடப் போட்டிருப்பார்கள்.

ஒன்று மட்டும் இருக்காது. அதைச் செய்தவர் பெயர்.

செய்தவர் என்று ஒரே ஒரு ஆளைச் சொல்லவும் முடியாது என்பது வேறு விஷயம். நூலை மெஷினில் துணியாக ஓட்டியவர் ஒருத்தர். சாயம் போட்டவர் இன்னொருத்தர். அப்புறம் கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிற கைமடி, பிசிறு வெட்டுகிற அக்கா, செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு சாதாரண பனியனுக்குப் பின்னால் ஒரு டஜன் ஜோடிக் கைகளாவது இருக்கும். ஒரு கையும் கையெழுத்துப் போடுவதில்லை. போடு என்று யாரும் சொல்வதும் இல்லை.

இந்த வாரம், கையெழுத்துப் போட்ட ஒரு மனிதரைப் பார்க்கப் போகிறோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆள் செத்து ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேலாகிறது. கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊர், அறச்சலூர். ஈரோடு மாவட்டம். மலை, நாகமலை. மலையில் இருக்கும் பாறைக்குப் பெயர், ஆண்டிப்பாறை.

*

முதலில் வழியைப் பற்றி.

சினிமாவில் காட்டுகிற மாதிரி மணல் குவிந்த பாலைவனம் நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் பழந்தமிழர் கணக்கே வேறு. காடும் மலையும் மழையில்லாமல் காய்ந்து போனால் அதற்குப் பெயர்தான் பாலை. அந்தக் கணக்கில் பார்த்தால் காங்கேயத்தைச் சுற்றியிருக்கும் பூமி அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

காரணம் எளிமையானது. மேற்கே மலைத்தொடர். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையை எல்லாம் கேரளத்துப் பக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெறும் காற்று. பல்லடத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். காற்று இலவசம், மழைதான் இல்லை. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தால் நல்ல வருஷம்.

இந்தப் பூமியில் மனிதன் எப்படிப் பிழைத்தான்? கொறங்காடு என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். கிளுவை முள்ளை வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நடுவில் அங்கங்கே வெள்வேல மரத்தை நிழலுக்கு விட்டுவைத்தால் அது கொறங்காடு. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். காங்கேயம் காளை உருவானது இந்த வேலிக்குள்ளேதான். தண்ணீர் இல்லாத இடத்தில் விவசாயத்தை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது என்பதை இந்த ஊர்க்காரர்கள் பனியன் கம்பெனி வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். மாடு, வியாபாரம், கைத்தொழில். இந்த மூன்றும்தான் கொங்கு நாட்டின் பழைய பேங்க் அக்கவுண்ட்.

அறச்சலூரை நெருங்கினால் கொஞ்சம் பச்சை தெரியும். அது 1950களில் வந்த கீழ்பவானி வாய்க்கால் கொடுத்த பச்சை. பக்கத்திலேயே ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி வெள்ளைக்காரனோடு மோதிய ஊர். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலையில் கூட்டம் அலைமோதும். வந்தவர்களில் எத்தனை பேர் அப்படியே திரும்பி நாகமலைப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் முதல் தடவை போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன்.

''ஏனுங்க, ஆண்டிப்பாறைக்கு இப்படித்தான் போகோணுங்களா?''

''அங்க என்னத்துக்குங்க? சாமிகூட இல்லீங்களே, வெறும் பாறைதானுங்.''

''எழுத்து இருக்குதாமுங்க.''

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''இருக்குதுங். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுங்களா?''

எனக்கும் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் நடந்தேன்.

*

மலை என்றதும் பயந்துவிடாதீர்கள். மலையேற்றம் என்று சொன்னால் மலையேறுகிறவர்கள் சிரிப்பார்கள். சின்னக் குன்றுதான். முள்ளும் சரளையும் உண்டு, அதனால் காலில் செருப்பு நல்லதாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, காலையிலேயே போய்விடுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. பாறையில் ஆழம் குறைவாக வெட்டிய எழுத்து உச்சிவெயிலில் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் கோட்டுக்குள் நிழல் இறங்கி எழுத்து எழுந்து நிற்கும்.

ஆண்டிப்பாறை யாரும் கட்டியது அல்ல, குடைந்ததும் அல்ல. கொங்கு நாட்டு மலைகளின் பாறைகள் பல கோடி ஆண்டுகள் வயதானவை. பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும். விரிசலில் நீர் இறங்கும், வேர் இறங்கும். ஒரு அடுக்கு பெயர்ந்து விழுந்தால் மேல் அடுக்கு கூரை மாதிரி நிற்கும். ஒரு பாறைமேல் இன்னொன்று சாய்ந்தால் நடுவில் ஒரு திண்ணை கிடைக்கும். அவ்வளவுதான். இதற்குப் புத்தகத்தில் குகைத்தளம் என்று பெயர். வெயிலில் நடந்து வந்தவனுக்கு அது அரண்மனை.

இந்த அரண்மனைகளைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் துறவிகள். ஊருக்குள் தங்கக்கூடாது, ஆனால் சோறு வாங்க ஊர் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்படியானால் ஊருக்கு வெளியே ஒரு மலை, மலையில் ஒரு நிழல். சமணத் துறவிகளுக்கு இப்படிப்பட்ட இடங்களில் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்துப் புண்ணியம் தேடியவர்களில் அரசர்களும் உண்டு, வியாபாரிகளும் உண்டு. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போனால், சேர அரசகுலத்தார் கொடுத்த கொடையும் இருக்கிறது, கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் செய்துகொடுத்த படுக்கையும் இருக்கிறது. இரண்டும் ஒரே மலையில்.

ஆனால் ஆண்டிப்பாறையில் எழுதியிருப்பது கொடைச் செய்தி அல்ல. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்ற கணக்கு அங்கே இல்லை.

பின்னே என்ன இருக்கிறது?

ஆட்டம் இருக்கிறது.

*

மொத்தம் மூன்று கல்வெட்டுகள். தமிழ் பிராமி எழுத்து, பழைய உருவத்திலிருந்து மெள்ள வளைந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. இரண்டு இடத்தில் தாளச் சொற்கள். ஒரு இடத்தில் ஒரு பெயர்.

தாளச் சொற்களை வெட்டியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு காகிதத்தில் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து என்று இருபத்தைந்து கட்டம் போடுங்கள். முதல் வரியில், த தை தா தை த. இரண்டாவது வரியில், தை தா தே தா தை. மூன்றாவதில், தா தே தை தே தா. நான்காவது வரி, இரண்டாவது மாதிரியே. ஐந்தாவது, முதல் வரி மாதிரியே.

எழுதியாயிற்றா? இப்போது இடமிருந்து வலமாகப் படியுங்கள். வலமிருந்து இடமாகப் படியுங்கள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. எப்படிப் படித்தாலும் அதேதான் வரும். மூலைக்கு மூலை குறுக்காகப் படித்தால்கூட முன்னும் பின்னும் ஒன்றுதான். நாலு மூலையிலும் த. நட்ட நடுவில் தை.

ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் கிடையாது, கட்டம் போட்ட நோட்டுக்கூடக் கிடையாது. ஒருவர் மனசுக்குள் தாளம் போட்டுப் போட்டு இதை அடுக்கியிருக்கிறார். ஒரு எழுத்து மாறினால் மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும். சரியவில்லை.

இது ஆடுகிறவருக்கான சொல்லா, பாடுகிறவருக்கா, தாளம் தட்டுகிறவருக்கா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. காலத்தைப் பற்றியும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டு என்பவர்கள் இருக்கிறார்கள், நான்காம் நூற்றாண்டு வரை கீழே கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று நிச்சயம். இசைக் கல்வெட்டு என்றதும் எல்லோரும் புதுக்கோட்டை குடுமியான்மலையைச் சொல்வார்கள். அது ஏழாம் நூற்றாண்டு. அறச்சலூர் அதற்கு அண்ணன். சில நூற்றாண்டுகள் மூத்த அண்ணன்.

சரி, அந்தப் பெயர்?

எழுத்துகளைப் புணர்த்தவன், அதாவது ஒன்றோடொன்று சேர்த்து அமைத்தவன், மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்கிறது மூன்றாவது கல்வெட்டு.

புணர்த்தான். என்ன அழகான வினைச்சொல் பாருங்கள். எழுதினான் என்று சொல்லவில்லை, வெட்டினான் என்று சொல்லவில்லை. சேர்த்தான். துண்டு துண்டாகக் கிடந்த துணியைச் சேர்த்துத் தைக்கிற மாதிரி.

*

வண்ணக்கன் என்றால் யார்?

நாணயத்தையும் ரத்தினத்தையும் சோதித்துத் தரம் சொல்கிறவன். இது நல்ல காசு, இது கள்ளக்காசு. இந்தக் கல் அசல், இது போலி. இதில் கீறல் இருக்கிறது, தள்ளு. சுருக்கமாகச் சொன்னால், செக்கிங். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டேபிளில் குவிந்து கிடக்கிற பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, ஓட்டை இருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கிறார்களே, அதே வேலை. பொருள்தான் வேறு. (பெயருக்கு முன்னால் வரும் சொல்லை மணி என்று படிப்பவர்களும் உண்டு, மலை என்று படிப்பவர்களும் உண்டு. வண்ணக்கன் என்பதில் தகராறு இல்லை.)

இந்தப் பொட்டல் காட்டில் ரத்தினம் சோதிக்கிறவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நீங்கள் வந்த வழியிலேயே பதில் இருக்கிறது. காங்கேயத்துக்குக் கொஞ்சம் முன்னால் படியூர் என்று ஒரு ஊர் வந்ததே, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண்ணுக்குள் பெரில் என்ற கல் கிடைத்தது. கடல் தண்ணீர் மாதிரி நீலமும் பச்சையும் கலந்த கல். 1819-20இல்கூட ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே சுரங்கம் போட்டுக் கல் எடுத்திருக்கிறார். காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே சிவன்மலை. அதன் பாறைவகை உலகத்துப் புவியியல் புத்தகங்களில் இடம்பிடித்த ஒன்று. ஹாலண்ட் என்ற ஆங்கிலேய நிபுணர் 1901இலேயே அதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். குருந்தம் கிடைக்கிற பாறை அது. நீலக்கல் என்பது குருந்தத்தின் பணக்காரத் தம்பிதான்.

தோண்டி எடுத்த கல்லை என்ன செய்தார்கள்? நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலுக்குக் கொண்டு போனார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1980களில் தொடங்கி அங்கே பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. கல்லை உடைத்து, தேய்த்து, துளைபோட்டு, மெருகேற்றி மணியாக்கிய பட்டறைகள் வெளிப்பட்டன. செய்து முடித்தது, பாதி செய்தது, உடைந்துபோனது என்று எல்லா நிலையிலும் கல் கிடைத்தது. இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த உலை. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள்.

சூதுபவளம் நம் பக்கத்துக் கல் அல்ல. அது குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்கிறார்கள். மூலப்பொருள் குஜராத்திலிருந்து, கைவேலை நொய்யல் கரையில், வாடிக்கையாளர் கடலுக்கு அப்பால். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இன்றைக்கும் குஜராத்துப் பஞ்சு வருகிறது, நொய்யல் கரையில் பனியன் ஆகிறது, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறுகிறது. இரண்டாயிரம் வருஷத்தில் சரக்கு மாறியிருக்கிறது, பிசினஸ் மாடல் மாறவில்லை.

அன்றைய வாடிக்கையாளர், ரோம். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெள்ளலூர், சூலூர், கொடுமணல், கரூர் என்று பெருவழி ஓடியது. வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கு மேல் ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. திருப்பூர் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913இல் 233 காசுகள். டாலர் சிட்டி என்று திருப்பூருக்கு இப்போது பெயர் வைத்திருக்கிறோம். இந்த வட்டாரத்துக்கு அந்நியச் செலாவணி ஒன்றும் புதுசு அல்ல.

ரோமாபுரியில் ப்ளினி என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தவர். 37 பாகம். இந்தியா நம் பணத்தை வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று புலம்பியவர் அவர்தான். கடைசிப் பாகத்தில் ரத்தினங்களைப் பற்றி எழுதும்போது, பெரில் கல் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்கிறார். கூடவே ஒரு குற்றச்சாட்டையும் வைக்கிறார். இந்தியர்கள் சாதாரணப் படிகக்கல்லுக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்களாம்!

புரிகிறதா, வண்ணக்கன் ஏன் தேவைப்பட்டான் என்று? போலி இருக்கிற இடத்தில்தான் செக்கிங் வேண்டும். ப்ளினி காலத்துக்கும் சாத்தன் காலத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு நூற்றாண்டு இருக்கும். ஆனால் தொழில் அதேதான். ஒரு சரக்கின் மானம், அதை விற்கிறவன் நாக்கில் இல்லை, அதைச் சோதிக்கிறவன் கண்ணில் இருக்கிறது.

*

இப்போது நிஜமான கேள்விக்கு வருவோம். காசும் கல்லும் சோதிக்கிற ஒரு ஆள், மலைமேல் ஏறி எதற்காக த தை தா என்று வெட்டி வைக்கவேண்டும்?

நமக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. ஏனென்றால் வேலை வேறு, கலை வேறு என்று நாம் பிரித்துவிட்டோம். பாட்டு, ஆட்டம் எல்லாம் அதற்கென்று பிறந்தவர்கள் செய்வது, நமக்கு மாதச் சம்பளம், வாரச் சம்பளம். அன்றைக்கு அப்படி இல்லை. சங்கப் புலவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார். வடம வண்ணக்கன் பேரி சாத்தனார். விற்றூற்று வண்ணக்கன் தத்தனார். புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான். எத்தனை வண்ணக்கர்கள்! பகலெல்லாம் காசில் கள்ளம் தேடியவர்கள், சாயங்காலம் சொல்லில் நல்லது தேடியிருக்கிறார்கள். தேவன் சாத்தனும் அந்த ஜாதி. அதாவது, தொழிலைச் சொல்லித் தலைநிமிர்ந்து கலை செய்த ஜாதி.

(இந்தச் சொல் செத்துப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் போனால் இன்றைக்கும் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்றுதான் பெயர்.)

யோசித்துப் பார்த்தால் அந்த இருபத்தைந்து கட்டமே ஒரு செக்கிங் ஆளின் மூளையில்தான் உதிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் பார், பின்னால் பார், திருப்பிப் பார், தலைகீழாகப் பார். எங்கிருந்து பார்த்தாலும் குறை இருக்கக்கூடாது. தினமும் கல்லை அப்படித்தானே உருட்டி உருட்டிப் பார்த்திருப்பார்? ஒரு நாள் தாளத்தையும் அப்படி உருட்டிப் பார்த்துவிட்டார்.

இன்னொரு விஷயம். இத்தாலியில் பாம்பேய் என்று ஒரு நகரம், வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் கி.பி. 79இல் மூழ்கிப் போனது. அதே எரிமலைச் சீற்றத்தில்தான் நம் ப்ளினியும் உயிரை விட்டார். அந்தச் சாம்பலைத் தோண்டியபோது 1936இல் ஒரு தூணில் ஒரு கிறுக்கல் கிடைத்தது. லத்தீன் எழுத்து. குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து. சாட்டோர், அரெப்போ, டெனெட், ஓபெரா, ரோட்டாஸ் என்று ஐந்து சொற்கள். எந்தத் திசையிலிருந்து படித்தாலும் அதே ஐந்து சொற்கள். உலகமே அதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறது. அதைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. டீ ஷர்ட்டில்கூட அச்சடித்து விற்கிறார்கள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது கதை. சொல்ல வந்தது வேறு. அங்கே எழுதியவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இங்கே எழுதியவன் பெயர், தொழில் இரண்டையும் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனாலும் அதை உலகத்துக்குத் தெரியும், இதை அறச்சலூர் தாண்டினால் தெரியாது. குற்றம் சாத்தனுடையது அல்ல.

*

அப்படித் தெரியாமலே போயிருக்கவும் கூடும். 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு என்ற இளைஞர் இந்தப் பாறைக்கு ஏறி வந்திராவிட்டால். கொங்கு நாட்டில் அவர் கால் படாத ஊர் குறைவு. கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று எது கிடைத்தாலும் தேடிப் போய்ப் படி எடுத்தவர். அறச்சலூர் எழுத்துகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், கொடுமணல் ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. 2023இல் காலமானார். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ் பிராமி பெருநூலில் அறச்சலூருக்கும் இடம் கிடைத்தது.

கொடுமணலில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே தோண்டத் தோண்ட எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வந்துகொண்டே இருந்தன. இதுவரை ஐந்நூறுக்கு மேல். பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறது? பெயர். ஆதன், கண்ணன், சாத்தன். இந்தப் பானை என்னுடையது என்று சொல்கிற பெயர்கள். உழைத்துச் சாப்பிட்ட மனிதர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதத் தெரிந்து வைத்திருந்த ஊர் அது.

அந்த ஊரின் ஆற்றை நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்கே தெரியும். மணி தேய்த்த நொய்யலில் சாயத்தை ஓடவிட்டோம். ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டினோம், அது சாயத் தண்ணீர்த் தொட்டி ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடு என்று உத்தரவு போட்ட பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்குத் தொழில் முழுசாகத் திரும்பியது. கெட்டது கெட்டதுதான். ஆனால் ஆறு செத்தால் நாற்றம் அடிக்கிறது, ஊர் சத்தம் போடுகிறது. மலை செத்தால் சத்தமே வராது. வெடி வைக்கும்போது வருகிற சத்தத்தோடு சரி. நேற்று வரை இருந்த குன்று, நாளைக்கு லாரி லாரியாக ஜல்லி. அதன்மேல் ஒரு எழுத்து இருந்ததா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும்? மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். அங்கேயும் ஒரு மலை, ஒரு குகைத்தளம், தமிழ் பிராமி எழுத்து. 2024இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் திரண்டார்கள். எங்கள் மலையில் இது இருக்கிறது, அது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. வெறும் பாறைதானே என்று அவர்கள் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாறையைக் காப்பாற்றியது, பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த ஜனங்கள்.

அதனால்தான் போய்ப் பாருங்கள் என்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்து சரியாகத் தெரியவில்லையே என்று சுண்ணாம்பு தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், சாக்பீஸ் பூசாதீர்கள். வெயில் சாய்கிற வரை பொறுத்திருந்தால் அதுவே தெரியும். அப்புறம், பக்கத்தில் உங்கள் பெயரையும் ஒரு ஹார்ட் படத்தையும் வரைந்துவிட்டு வராதீர்கள். சாத்தன் பெயர் எழுதினாரே என்று கேட்காதீர்கள். அவர் முதலில் இருபத்தைந்து எழுத்தைப் புணர்த்தார், அப்புறம்தான் பெயர் போட்டார்.

*

அன்றைக்குத் திரும்பி வரும்போது அந்தப் பெரியவர் அதே வேலியோரம் நின்றிருந்தார்.

''படிச்சீங்களா?''

''எனக்கும் தெரியலீங்க. ஆனா என்ன எழுதியிருக்குதுன்னு புத்தகத்துல போட்டிருக்காங்க.'' பையிலிருந்த காகிதத்தை எடுத்து ஐந்து வரியையும் மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

முதல் வரியிலேயே அவர் கையிலிருந்த தடி தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது வரிக்கு வந்தபோது தாளம் பிடிபட்டுவிட்டது. முடித்ததும் சிரித்தார்.

''இதுதானுங்களா? அட, நம்ம ஆட்டந்தானுங் இது!''

படிக்கத் தெரியாது என்று சொன்னவர் அவர்.

நாளைக்குத் திங்கட்கிழமை. சங்கு ஊதும். செக்கிங் டேபிளில் பீஸ் குவிந்திருக்கும். ஒவ்வொன்றாக விரித்து, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, திருப்பிப் பார்த்து நல்லதைத் தனியாக அடுக்குகிற அந்தக் கைகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். உங்கள் தொழிலுக்கு ஆயிரத்து அறுநூறு வருஷப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரில் ஒருவர், ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், ஒரு பாறையில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்.